சாட்சி சொன்ன கை

க்ளோடெட் தீபோவுக்கு வாய் நீளம் என்பதை எங்கள் ஊரில் யாரும் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னதில்லை. நேராகவே சொல்வார்கள். அவள் முடி வெட்டுகிறவள். கையில் கத்திரிக்கோலும் எதிரே அசைய முடியாத ஒரு தலையும் இருந்தால் யாருக்குத்தான் வாய் நீளாது? அந்த வாயை நம்பித்தான் ஊர் அவளை மாநிலச் சட்டசபைக்கு அனுப்பியது.

எங்கள் சட்டசபை பெரிய ஆட்களின் இடம் இல்லை. மாடு வளர்ப்பவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், ஓய்வுபெற்ற டீச்சர் எல்லாம் பனிக்காலத்தில் கூடுவார்கள். சாலைச் சேறு காய்ந்ததும் கலைந்துபோவார்கள். அதிலும் கூட ஐந்து வருடமாக க்ளோடெட்டின் பெயர் சொல்ல ஒன்றும் இல்லை. செத்துப்போன ஒரு தபால்காரரின் பெயரை ஒரு பாலத்துக்கு வைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தாள், அவ்வளவுதான். "பாலம் க்ளோடெட்" என்று தாழ்வாரத்தில் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ணங்கென்று வைத்தாள்.

அந்த வருடம் அவள் கையில் ஒரு நிஜமான மசோதா இருந்தது. வீட்டுச் சாமான்களில் பாதரசம் கூடாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், சுவரில் மாட்டும் சூடு காட்டி, நடந்தால் விளக்கு மினுக்கும் குழந்தைச் செருப்பு எதிலும் கூடாது. தவிர்க்க முடியாத சாமானில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும். உடைந்தால் குப்பையில் போடக் கூடாது. குப்பை எரிந்து, புகை மழையாகி, மழை ஏரியில் விழுந்து, மீன் விஷமாகிறது என்று படித்தவர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். அறை முழுக்க, அந்த மீனைத் தின்று சாகும் ஏரிப்பறவைகளின் படங்களாக மாட்டினார்கள்.

க்ளோடெட்டுக்குப் படம் தேவைப்படவில்லை. அவள் அப்பா எங்கள் ஊர்த் தெர்மாமீட்டர் கம்பெனியில் பாதரசம் நிரப்புகிறவராக இருந்தார். கடைசிக் காலத்தில் சூப்புக் கரண்டி அவர் வாய்க்குப் போகாமல் காதுக்குப் போயிற்று. குடிப்பழக்கம் என்று கம்பெனி டாக்டர் எழுதினார். சர்ச்சில் கொடுக்கும் ஒரு வாய் திராட்சை ரசத்தைத் தவிர வேறு எதையும் தொடாத மனிதர் அவர். அந்த டாக்டர் மேல் அவளுக்கு இருந்த கோபம் நியாயமான கோபம். அதை நான் மறுக்க மாட்டேன்.

மசோதா, க்ளோடெட்டும் உறுப்பினராக இருந்த குழுவில் நின்றது. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். நடுவில் எல்வுட் ஸ்ப்ராக் என்ற கிழட்டு மாட்டுப் பண்ணைக்காரர். அவருக்கு மீனும் வேண்டும், கம்பெனியும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. "கடைசி சாட்சியையும் கேட்டுட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லியிருந்தார். அன்று மதியம் ஓட்டெடுப்பு.

கடைசி சாட்சியைக் கம்பெனி அழைத்து வந்தது. மானேஜர் ஹாலிஸின் பின்னால் சாம்பல் கோட்டும் நீல டையுமாகத் தாழ்வாரத்தில் வந்தவனைப் பார்த்ததும் க்ளோடெட் நடந்தவள் நின்றுவிட்டாள். அவள் தம்பி அர்மான், அப்பாவுக்குப் பிறகு அதே கம்பெனியில் வேலை பார்ப்பவன்.

ஹாலிஸ் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அவனைத் தூண் மறைவுக்கு இழுத்தாள்.

"ஏன்டா வந்த?"

"கூப்பிட்டாங்க, வந்தேன்."

"அப்பாவைக் கொன்னவனுங்களுக்கு சாட்சியா நிக்கிற."

"அப்பா செத்துட்டாரு க்ளோ. ஜானின் இன்னும் சாகல." அவன் குரலை இறக்கினான். ஜானின் அவன் மனைவி. நரம்பு வியாதிக்காரி, வாரா வாரம் ஊசி. "அந்த ஊசி என்ன விலைன்னு உனக்குத் தெரியுமா? கம்பெனி இன்ஷூரன்ஸ்லதான் வருது. நல்லபடியா பேசிட்டா ஓய்வு பெறும்வரைக்கும் என்னை வச்சுக்கறதா ஹாலிஸ் சொல்லியிருக்காரு. பேச வேண்டியதை எழுதிக் குடுத்திருக்காங்க, மனப்பாடம் பண்ணிட்டேன். ஒப்பிச்சுட்டுப் போயிடறேன்."

"என் மசோதா தோத்தாலும் பரவாயில்லைன்னு என்கிட்டயே சொல்ற."

"நீ ஜெயிச்சுக்கோ. வேற எப்படி வேணா ஜெயிச்சுக்கோ. என்னை மட்டும் கேள்வி கேக்காத. அவ்வளவுதான் கேக்கறேன்."

டை கோணலாக இருந்தது. பழக்கதோஷத்தில் அதைச் சரிசெய்தாள். டையின் முடிச்சு பெண் போட்ட முடிச்சு என்பது அவளுக்குத் தெரிந்தது. சட்டைப் பொத்தான்களையும் ஜானின்தான் போட்டிருப்பாள்.

"கேக்கல போ" என்றாள்.

குழு அறை எங்கள் ஊர் சமையலறைகளை விடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு நீள மேசை. அதன் ஒரு முனையில் சாட்சி உட்காருவான். கால் நீட்டினால் உறுப்பினர் காலில் இடிக்கும். குழுத் தலைவி வரத் தாமதம். அந்த மாதிரி நேரத்துக்கென்றே எல்வுட் தன் கிரிபேஜ் பலகையைக் கோட்டுப் பையில் வைத்திருப்பார். கிரிபேஜ் தெரியாதா? சீட்டாட்டம்தான். ஆனால் புள்ளியை எழுத மாட்டார்கள். பலகையில் தீக்குச்சி கனத்துக்கு வரிசையாகக் குழிகள் இருக்கும். எடுத்த புள்ளிக்குத் தகுந்தபடி சின்னக் குச்சியைக் குழி குழியாக நகர்த்திச் செருக வேண்டும். எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்துப் பழக்குவது இதுதான்.

"சும்மாதானே உக்காந்திருக்கோம், ஒரு ஆட்டம் போடலாமா தம்பி?" என்று எல்வுட் சீட்டைக் கலைத்தார்.

அர்மான் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான். "எனக்கு அந்த ஆட்டமே பிடிக்காதுங்க."

க்ளோடெட் நிமிர்ந்து பார்த்தாள். வருடா வருடம் ஊர்க்கூட்டத்தன்று நடக்கும் கிரிபேஜ் போட்டியில் பன்றித்தொடை பரிசைத் தொடர்ந்து அடித்தவன் அவன். ஊர்ப் பையன்கள் அவனோடு உட்காரவே பயப்படுவார்கள். போன கிறிஸ்துமஸ் அன்று அவள் வீட்டில் ஆடும்போது குச்சி கையிலிருந்து நழுவியது. இன்னொரு முறை நழுவியது. பலகையைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு, "கிழவங்க ஆட்டம்" என்று வெளியே போய்விட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஜானின் மட்டும் சிரிக்கவில்லை.

தலைவி வந்தாள். விசாரணை தொடங்கியது. ஹாலிஸ் ஆரம்பித்து வைத்தார். இத்தனை குடும்பங்கள், இத்தனை அடுப்புகள், இந்தச் சட்டம் வந்தால் எல்லாம் அணைந்துபோகும் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பிறகு அர்மானைக் காட்டினார்.

அர்மான் நன்றாகப் பேசினான். அதுதான் விபரீதம். மனப்பாடம் பண்ணியதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, சொந்த வாயால் பேச ஆரம்பித்தான். தீபோ வீட்டு வாய் அவனுக்கும் உண்டல்லவா?

"எங்க அப்பா மருந்துக் குப்பியில பாதரசம் கொண்டாருவாருங்க. சம்பளத்துக்கு மேல அதுதான் போனஸ். சாப்பாட்டு மேசையில கொட்டி உருட்டி விளையாடுவோம். பத்து சென்ட் காசைப் போட்டுத் தேய்ச்சா புதுசா அச்சடிச்ச மாதிரி மின்னும். அதைக் கொண்டுபோய்க் கடைக்காரன் கிட்டக் குடுத்தா, நீ அடிச்சியான்னு கேப்பான்." சிரிப்பு எழுந்தது. "பாதரசம் மூளையைக் கெடுக்கும்னு சொல்றாங்க. எனக்குத் தெரியாதுங்க, நான் படிக்காதவன். ஆனா அந்த மேசையில என் கூட உருட்டினவங்க ஒருத்தர் இருக்காங்க. என்னைவிட ரெண்டு பங்கு உருட்டினாங்க. பிடுங்கிக்குவாங்க. அவங்க மூளை கெட்டுப்போச்சான்னு நீங்கதான் சொல்லணும். அதோ, உங்க குழுவுலயே உக்காந்திருக்காங்க."

அறை குலுங்கியது. தலைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்வுட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாலத்துக்குப் பேர் வச்சப்பவே நெனச்சேன்" என்றார். இன்னொரு அலை சிரிப்பு. ஹாலிஸ் அர்மானின் தோளைத் தட்டினார்.

க்ளோடெட்டும் சிரித்தாள். முகம் மட்டும் சிவந்து கிடந்தது. எல்வுட்டின் ஓட்டு மேசையைத் தாண்டி அந்தப் பக்கம் போவது அவளுக்குக் கண்ணால் பார்ப்பது போலத் தெரிந்தது. ஒரு சிரிப்புக்கு ஒரு மசோதா. நாளைக்குத் தாழ்வாரத்தில் அவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதும் தெரிந்தது. அப்பாவின் நினைவும் வந்தது என்று பிற்பாடு அவள் எல்லாரிடமும் சொன்னாள். வந்திருக்கலாம். ஆனால் முதலில் வந்தது அந்தப் பெயர்தான்.

"சாட்சிக்கு யாராவது கேள்வி?" என்றாள் தலைவி.

க்ளோடெட் கையைத் தூக்கினாள்.

அர்மானின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவன் தலையை ஆட்டினான். மிக லேசாக, அவளுக்கு மட்டும் தெரியும்படி, வேண்டாம் என்று.

"எல்வுட், அந்தப் பலகையை இப்படித் தள்ளுங்க" என்றாள். அது மேசை மேல் வழுக்கிக்கொண்டு போய் அர்மானின் முன்னால் நின்றது. "சாட்சிக்கு இந்த ஆட்டம் பிடிக்காதுன்னு சொன்னாரு. எங்க ஊர்ல பன்றித்தொடையைத் தவிர வேற கறி அவரு தின்னு யாரும் பார்த்ததில்லை, அவ்வளவு ஜெயிச்சிருக்காரு. அதனால ஒரே ஒரு கேள்வி. அர்மான், அந்தக் குச்சியை எடுத்து ரெண்டு குழி தள்ளி வை."

"இது என்ன விளையாட்டு, மேடம்? மசோதாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஹாலிஸ் எழுந்தார்.

"பாதரசம் ஒண்ணும் செய்யலைன்னு சாட்சி சொல்லிட்டாரு. நான் காட்டச் சொல்றேன்."

தலைவி தயங்கினாள். அந்தத் தயக்கத்தில் எல்வுட்தான், ஒரு சூதும் இல்லாமல், "சும்மா வையிப்பா, என்ன இப்போ" என்றார்.

அர்மான் அக்காவைப் பார்த்துக்கொண்டே கையை மேலே எடுத்தான். சாதாரணக் கைதான், தடித்த விரல், குட்டையான நகம். மேசைக்கு மேல் வந்ததும் அது அவன் பேச்சைக் கேட்கவில்லை. குச்சியைப் பிடுங்கவே பல தடவை தடவ வேண்டியிருந்தது. அடுத்த குழிக்குக் கொண்டுபோனபோது குச்சியின் முனை மரத்தில் தட்டத் தொடங்கியது. டக்டக்டக்டக் என்று அறையில் அந்தச் சத்தம் மட்டும். குழிக்கு வலப்பக்கம் தட்டியது, இடப்பக்கம் தட்டியது, குழியில் மட்டும் இறங்கவில்லை. அவன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தான். இப்போது பலகையே சேர்ந்து ஆடியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. விட்டுவிடலாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. க்ளோடெட் பேனா மூடியைத் திருகிக்கொண்டு காத்திருந்தாள்.

குச்சி விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது. அர்மான் அதை எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. கீழே தேடுகிற சத்தமும் இல்லை. கடைசியில் எல்வுட் எழுந்துபோய், முழங்காலில் உட்கார்ந்து, குச்சியைத் தானே எடுத்து, அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சாட்சிக்கு நன்றி. வேற கேள்வி இல்லை" என்றாள் க்ளோடெட்.

இடைவேளை விட்டார்கள். எல்வுட் அவளைத் தேடிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். கிழவர் கலங்கிப்போயிருந்தார்.

"என் ஓட்டு உனக்குத்தான். ஆனா ஒரு வரி சேர்க்கணும்மா. அந்த வேலைக்காரங்களுக்கு ரத்தம் பார்க்கணும், வைத்தியச் செலவு குடுக்கணும்னு ஒரு வரி. அந்தக் கையைப் பார்த்துட்டு அதை எழுதாம இருக்கறது பாவம்."

க்ளோடெட் ஒரு கணம் அதை எண்ணிப் பார்த்தாள். அவளுக்குச் சட்டசபைக் கணக்கு நன்றாகத் தெரியும்.

"செலவுன்னு ஒரு வார்த்தை வந்துட்டா மசோதா நிதிக் குழுவுக்குப் போயிடும் எல்வுட். அங்க போனது எது உசுரோட திரும்பி வந்திருக்கு?"

"உன் தம்பிம்மா."

"அதனாலதான். தம்பிக்குன்னு தனியா ஒரு வரி எழுதிக்கிட்டான்னு நாளைக்குப் பேப்பர்காரன் எழுதுவான். முதல்ல இது போகட்டும். அதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அடுத்த வருஷம். எங்கள் சட்டசபையில் எத்தனை நல்ல காரியங்களை அந்த இரண்டு வார்த்தையில் புதைத்திருக்கிறார்கள் தெரியுமா? எல்வுட் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அவள் பக்கம் ஓட்டுப் போட்டார். மசோதா ஒரு ஓட்டில் தேறியது. ஏரிப்பறவைக்காரர்கள் வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். ஒரு பெண் அழுதாள். "நீங்க செஞ்சதை யாராலயும் செய்ய முடியாது" என்றாள். அது உண்மைதான்.

வாசலில் ஹாலிஸ் கம்பெனி வேனில் ஏறிக்கொண்டிருந்தார். அர்மான் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"நாங்க வேற வழியா போறோம் அர்மான்" என்றார் ஹாலிஸ், கோபமே இல்லாமல். "அந்தக் கையோட உன்னைக் கண்ணாடிக்குப் பக்கத்துல நிக்க வைக்க முடியாதுப்பா. நாளைக்கே ஏதாவது உடைஞ்சா கம்பெனி மேல கேஸ் வரும். நாளையிலேர்ந்து வராத. உன் அக்கா இருக்காங்களே, அவங்க பார்த்துப்பாங்க."

வேன் போய்விட்டது. ஊருக்கு அன்று வேறு வண்டி கிடையாது. அர்மான் கோட்டுப் பைகளில் கையை விட்டுக்கொண்டு படியில் நின்றான். க்ளோடெட் காரைக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்தாள். ஏறிக்கொண்டான். ஏறாமல் என்ன செய்வான்?

மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் பருவம். வழியெல்லாம் காய்ச்சும் கொட்டகைகளிலிருந்து வெள்ளை ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பனி உருகி மண்சாலைகள் கூழாகிக் கிடந்தன. அவள்தான் பேசினாள். அப்பாவைப் பற்றிப் பேசினாள். டாக்டரைப் பற்றிப் பேசினாள். இனி எந்தக் குழந்தை வாயிலும் அந்த விஷம் போகாது என்றாள். ஜானின் ஊசிக்கு வேறு வழி இருக்கும், விசாரிக்கிறேன் என்றாள். அவன் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வேணும்னு செய்யலடா."

"நீ வேணும்னுதான் செஞ்ச க்ளோ. பரவாயில்ல. குச்சி மரத்துல தட்ட ஆரம்பிச்சப்பவே நீ நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்த."

அவள் கியரை மாற்றினாள். ஒரு மேடு ஏறி இறங்கினார்கள்.

"அந்த மசோதாவுல எங்களுக்கு என்ன எழுதியிருக்க?" என்று கேட்டான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். "கம்பெனி மூடினா எங்களுக்கு ஏதாவது உண்டா? வைத்தியம், கியித்தியம்?"

"இப்போதைக்கு இல்லை."

"வேற என்னதான் இருக்கு அதுல?"

"கடையில விக்கக் கூடாது. சீட்டு ஒட்டணும். குப்பையில போடக் கூடாது. ஏரி சுத்தமாகும்." கண்ணாடியில் தெறித்த சேற்றைத் துடைக்க வைப்பரைப் போட்டாள். "மீனுக்கு விஷம் ஏறாது."

"மீனுக்கு."

"மீனைத் திங்கிற ஜனங்களுக்கும்தான்."

அர்மான் தலையை ஆட்டிக்கொண்டான். "அப்போ ஒரு மீனைக் கூட்டிட்டு வந்து ஆட்டிக் காட்டியிருக்கலாமே" என்றான்.

அவன் எப்போதும் இப்படித்தான் பேசுவான். அவள் பழக்கத்தில் சிரித்துவிட்டாள். பக்கத்தில் சிரிப்பு இல்லை என்று தெரிய ஒரு நொடி ஆயிற்று.

அவன் வீட்டுச் சந்து திரும்பும் இடத்தில், "இங்கயே நிறுத்து" என்றான்.

"வாசல்ல விடறேன்டா. முழங்கால் வரைக்கும் சேறு."

"ஜானின் ஜன்னல்ல உக்காந்திருப்பா. யார் கார்ல வந்தேன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். இனிமே நீ அவளுக்கு முடி வெட்ட வராத. நான் ஏதாவது சொல்லிக்கிறேன்."

கதவுப் பிடியைத் திறக்க அவனுக்கு நேரமாயிற்று. அவள் குறுக்கே கையை நீட்டினாள். "தொடாத" என்றான். காத்திருந்து, தானே திறந்து, இறங்கி, இரண்டு கைகளையும் பைகளில் செருகிக்கொண்டு நடந்தான்.

பாதி தூரத்தில் ஒரு வண்டித்தடத்தில் கால் வழுக்கியது. யாராக இருந்தாலும் கையை ஊன்றுவார்கள். அவன் ஊன்றவில்லை. பைக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு முகம் குப்புற விழுந்தான். ஜானின் கட்டிவிட்ட டையெல்லாம் சேறு. முழங்காலாலும் தோளாலும் புரண்டு, கையை வெளியே எடுக்காமலே எழுந்து, மறுபடி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

க்ளோடெட்டின் கை கதவில் இருந்தது. இறங்கவில்லை. ரேடியோவில் மாலைச் செய்தி ஆரம்பித்திருந்தது. பாதரச மசோதா குழுவைத் தாண்டிவிட்டது, ஒரு தொழிலாளியின் நடுங்கும் கைதான் குழுவின் மனதை மாற்றியது என்று வாசித்தார்கள். தொழிலாளியின் பெயரைச் சொல்லவில்லை. அவள் பெயரை முழுசாகச் சொன்னார்கள், தீபோ என்று உச்சரிப்புப் பிசகாமல்.

அவள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.